ஐந்தாவது பாஷையில் சொல்லாமல் விட்டது

அன்பு மாப்ளே சுலைமானுக்கு, மைக் செட் ஹனீபாவின் சலாம்.

நேற்று உனக்கு நாற்பதாம் நாள். பாத்திஹா ஓதினோம், நெய்ச்சோறு ஆக்கினோம். வந்தவர்கள் எல்லோரும் உன்னைப் பற்றிப் பேசிக் கண் கலங்கினார்கள். கலங்கிய கண்ணோடு இரண்டாம் தடவை சோறு வாங்கவும் செய்தார்கள். நீ இருந்திருந்தால் அதையும் சாயங்காலச் செய்தியில் சேர்த்திருப்பாய்.

போகும்போது வாசகசாலைக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். உன்னைப் பற்றி நான் எழுதித் தரவேண்டுமாம், பலகையில் ஒட்டுவார்களாம். அவனைப் பற்றி எழுத எனக்கு வராது, அவனுக்கு வேண்டுமானால் எழுதுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளுங்கள் என்றேன். நம் தெருப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மலையாளம்தான் படிக்க வரும். அவர்களுக்கு யாராவது இதை உரக்கப் படித்துக் காட்டவேண்டும். நீ இருந்தால் அந்த வேலையை உன் தலையில் கட்டியிருப்பேன்.

மட்டாஞ்சேரிக்குப் புதிதாக வந்தவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்லப்போகிறேன். கொட்டாவி விடாமல் கேள்.

ஐம்பதுகளின் நடுவில் என்னிடம் ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு கார் பேட்டரி, ஒரு தள்ளுவண்டி, மலையாளத்தில் கோளாம்பி என்று சொல்லும் பெரிய புனல் ஒன்று, இவ்வளவும் இருந்தன. உன்னிடம் தொண்டை மட்டும் இருந்தது. என் தங்கை ஜுபைதாவைக் கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பஜார் ரோட்டுத் துணிக்கடை ஒன்றுக்கு விளம்பரம் சொல்லக் கிளம்பினோம். கடைக்காரர் எழுதிக் கொடுத்ததைச் சொல்லி முடித்தவன், மைக்கைத் திருப்பித் தராமல், நாளைக்குக் குழாயில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும் என்றாய். அதோடு விட்டாயா? படகு ஜெட்டிப் பக்கத்தில் ஒரு அம்மாவின் ஆடு காணாமல் போயிருக்கிறது, காதில் வெள்ளைப் புள்ளி, பார்த்தவர்கள் கொண்டுவந்து விடுங்கள் என்றாய்.

கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். அவர் துணியோடு ஆட்டைக் கட்டிவிட்டாயாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஆடு வந்து சேர்ந்தது. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெட்டி முக்கில் நாற்பது பேர் நின்றுகொண்டு, வார்த்தை சொல்லும் ஆள் எங்கே என்று கேட்டார்கள். மலையாளத்தில் செய்திக்கு அதுதானே பெயர். அன்று முதல் ஊருக்கு நீ வார்த்தை சுலைமான்.

பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம். வெள்ளிக்கிழமை தவிர தினமும் ஐந்து மணிக்கு. வார்ஃபில் எந்தக் கப்பல் நிற்கிறது, ரேஷனில் அரிசி வந்ததா, மழைக்கு எந்தப் பாலம் மூடியிருக்கிறது, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, டில்லியில் என்ன சண்டை, எல்லாம் உன் வாயால்தான் இந்த ஊர் கேட்டது. விளம்பரம் நமக்குச் சோறு போட்டது. செய்தி சும்மா சொன்னோம்.

உனக்குச் சட்டை கசங்கியிருக்கக்கூடாது. புனல் வழியாக வரும் குரலுக்குச் சட்டை எதற்கு, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்டால், கசங்கின சட்டை போட்டால் குரலில் தெரியும் என்பாய். ஜுபைதா தினமும் மூன்று மணிக்கு இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுக்கொண்டு உன்னையும் என்னையும் சேர்த்து ஏசுவாள். ஏன் அவள் என்னை ஏசவேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நேற்று நம் குஜராத்திக்காரர் ஜெயந்தி சேட் ஒரு விஷயம் சொன்னார். அவர் மகன் டில்லியில் பார்த்தானாம். ஒரு பெட்டி இருக்கிறதாம், செய்தி படிப்பவரின் முகமே அதில் தெரிகிறதாம். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அந்தப் பெட்டி இங்கே வர எத்தனை வருஷம் ஆகுமோ? நீ கொஞ்சம் பொறுத்திருக்கலாம் மாப்ளே.

சேட் பேர் வந்ததால் அந்தப் பழைய ரகளையையும் சொல்லிவிடுகிறேன். நீ முதலில் மலையாளத்தில் சொல்வாய், பிறகு நம் தமிழில். கொங்கணிக்காரர்கள் எங்களுக்கு என்றார்கள். அவர்களுக்குச் சொன்னதும் குஜராத்திகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். அதன்பின் உருது. ஐந்து பாஷையும் ஆனபிறகு, எது முதலில் என்று சண்டை. ஜெயந்தி சேட் மிளகு கிடங்கைப் பூட்டிவிட்டு வந்து நடு ரோட்டில் நின்று, குஜராத்தி எப்போதும் நாலாவதா என்று கேட்டார்.

நீ அன்று போட்டாயே ஒரு முறை. சனிக்கிழமை மலையாளம் முதலில், ஞாயிறு கொங்கணி, திங்கள் குஜராத்தி, செவ்வாய் உருது, புதன் தமிழ். வியாழக்கிழமை சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது. வண்டியின் பக்கப் பலகையில் அதை எழுதியும் வைத்தாய். ஊர் அடங்கியது.

வேடிக்கை என்னவென்றால், மலையாளத்தில் சொல்லும்போதே எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிடும். ஆனாலும் ஒருவரும் நகரமாட்டார். தன் பாஷை வரும்வரை நின்று, அதில் ஒருமுறை கேட்டபிறகுதான் 'ஓ, அப்படியா' என்று தலையாட்டுவார். நான் அவர்களைக் கிண்டல் செய்வேன். புதன்கிழமையானால் நானும் அப்படித்தான் தலையாட்டினேன் என்பதை நீ கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

செய்தியை ஒரே மாதிரிதான் தொடங்குவாய். 'கேளுங்க. கேட்டுட்டு வீட்டுல போய்ச் சொல்லுங்க.' நேற்றுத் தப்பாகச் சொன்னதை இன்று ஐந்து பாஷையிலும் திருத்துவாய். நேற்று விட்டுப்போனதை இன்று முதலில் சொல்வாய், ஊருக்கே தெரிந்த விஷயமாக இருந்தாலும். பழசானால் என்ன, நாம் சொல்லவில்லையே என்பாய். கறுப்பு ஆடு என்று சொன்னது பழுப்பு ஆடு என்று திருத்த ஒருநாள் கால் மணி நேரம் எடுத்தாய். ஆடே அதற்குள் பிரியாணி ஆகியிருக்கும் என்று நான் முணுமுணுத்தது மைக்கில் விழுந்து ஊரெல்லாம் சிரித்தது.

மரணச் செய்தியில் மட்டும் உனக்கு விளையாட்டுக் கிடையாது. வீட்டுக்குச் சொல்லாமல் தெருவுக்குச் சொல்லமாட்டாய். பெயர் கையில் இருந்தாலும் மடித்துப் பையில் வைத்துக்கொள்வாய். வீட்டுக்கு ஆள் போய்ச் சொல்லித் திரும்பி வந்தபிறகுதான் அந்தப் பெயர் புனலில் வரும். கடைசியில் 'வீட்டுக்குச் சொல்லியாச்சு' என்று முடிப்பாய். அதைக் கேட்டால்தான் மட்டாஞ்சேரிக்காரர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு துட்டி வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

இனிமேல் சொல்லப்போவதை நாம் இரண்டு பேரும் பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. இப்போது நீ குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அது ஒரு புதன்கிழமை, நம் முறை. நீ வழக்கம்போல நாலு மணிக்கு ஜெட்டிக்குப் போய்ச் செய்தி சேகரித்துக்கொண்டு வந்தாய். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்து கசங்கியிருந்தது. காற்றும் மழையுமாக இருந்ததால் நான் ஒன்றும் கேட்கவில்லை. மைக்கைக் கையில் வாங்கி, இன்று தமிழ் கடைசி என்றாய். கூட்டத்தில் நம் ஆட்கள் முனகினார்கள். பலகையைப் பார் மாப்ளே, இன்று புதன் என்று நானும் சொன்னேன். நீ கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் மலையாளத்தில் ஆரம்பித்தாய்.

எறணாகுளத்திலிருந்து வந்த வள்ளம் ஒன்று காற்றில் கவிழ்ந்துவிட்டது. ஏழு பேர் இருந்தார்கள். ஆறு பேர் கரை சேர்ந்தார்கள். அந்த ஆறு பேரின் பெயரையும் சொன்னாய். ஒருவர் மட்டும் தப்பவில்லை, வீட்டுக்கு இன்னும் சொல்லாததால் பெயர் சொல்லவில்லை என்றாய். இதையே கொங்கணியில் சொன்னாய். குஜராத்தியில் சொன்னாய். உருதுவில் சொன்னாய்.

காற்றில் உன் குரல் எடுபடவில்லை என்று நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பக்கத்தில் நின்ற சேட்டிடம், பாவம், யார் வீடோ என்றேன். நிலக்கடலை கொறித்துக்கொண்டிருந்தேன் மாப்ளே. அதை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது. அத்தா காலையில் பக்கத்துச் சுள்ளிக்கல் போய் வருகிறேன் என்றுதான் கிளம்பினார். அங்கிருந்து யாரோ சாக்குக்கட்டு பார்க்க எறணாகுளத்துக்கு அழைத்துப் போனது எனக்கு எப்படித் தெரியும்?

உருது முடிந்தது. நீ மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாய்.

"ஆஃப் பண்ணு மச்சான்."

"எதுக்கு? தமிழ் இருக்குல்ல."

"ஆஃப் பண்ணு. மாமாதான் மச்சான். வள்ளத்துல போனது நம்ம மாமா."

அன்று தமிழில் செய்தி வரவில்லை. ஜெட்டி ஷெட்டில் அத்தாவைப் பாய்மரத் துணியில் சுற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். உன் சட்டை ஏன் நனைந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. மீட்ட படகிலிருந்து அவரைத் தூக்கி வந்தவர்களில் நீயும் ஒருவன்.

மறுநாள் காலை அடக்கம் முடிந்து பள்ளிவாசல் வாசலில் வைத்து உன்னைக் கேட்டேன். தெரிந்துகொண்டேவா நாலு பாஷை பேசினாய், என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு? நீ கீழே பார்த்துக்கொண்டே சொன்னாய்:

"நாலு பாஷை முடியற வரைக்கும் ஒனக்கு அத்தா இருக்கட்டும்னு தோணிச்சு. தெத்துதான் மச்சான்."

தப்பு என்று நீயே ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு ஆறவில்லை. என் தகப்பன் ஈரத்தோடு கிடந்த அந்தக் கால் மணி நேரம் என்னைக் கடலை கொறிக்க விட்டுவிட்டாய் என்பது மட்டும்தான் என் மண்டையில் நின்றது. உனக்கு மைக் இல்லை, வண்டி இல்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கட்டிக்கொண்டவள் என் தங்கை, மவுத்தானவர் அவளுக்கும் அத்தா, உனக்கும் மாமா என்பதெல்லாம் எனக்கு அப்போது கண்ணில் படவில்லை.

நீ அன்று சாயங்காலமே தகரக் குழல் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு ஜெட்டி முக்கில் போய் நின்றாய். நேற்று விட்டுப்போனது என்று சொல்லி அத்தாவின் மவுத்தை முதலில் தமிழில் அறிவித்தாய். 'வீட்டுக்குச் சொல்லியாச்சு' என்று முடித்தாயாம். நான் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். காதில் விழத்தான் செய்தது.

இரண்டு மாதம் நீ அந்தத் தகரத்தில் கத்தினாய். மழை வலுத்ததும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் ஜெயந்தி சேட் குடையோடு என் கடைக்கு வந்து பேட்டரிப் பெட்டி மேல் உட்கார்ந்தார். அவருடைய தமிழ் உனக்குத் தெரியுமே.

"அனீபா, ஒனக்கும் சுலைமானுக்கும் சண்டே. சரி. குஜராத்தி என்ன தெத்து செஞ்சுது?"

அன்று ஐந்து மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் நிறுத்தி, மைக்கை நீட்டினேன். நீ வாங்கிக்கொண்டாய். குடையை உன் தலைக்குப் பிடிக்காமல் ஆம்ப்ளிபயருக்குப் பிடித்தாய். அவ்வளவுதான் நம் சமாதானம். அந்தக் கால் மணி நேரத்தை மன்னித்தேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை. உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாயா?

இனி உனக்குத் தெரியாத செய்தி.

நெஞ்சு வலி என்று உன்னை எறணாகுளத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அந்த வியாழக்கிழமை மத்தியானம் நீ போனபோது நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்குச் சொல்லவேண்டும். உன் சட்டப்படி அதுதானே முதலில். படகில் வரும்போது வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். வீட்டுப் படியேறினால், ஜுபைதா அப்போதுதான் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு நாளாகச் சாயாவைத் தவிர எதையும் தொடாதவள்.

"எப்படி இருக்காரு?" என்றாள்.

"தூங்குறாரு. நீ சாப்பிடு."

சாப்பிட்டாள் மாப்ளே. மாங்காய் போட்ட மீன்குழம்பு. மெதுவாக, பேசிக்கொண்டே சாப்பிட்டாள். நீ வந்ததும் கஞ்சிதான் தரவேண்டும், மைக் பக்கம் ஒரு மாதம் விடக்கூடாது என்றாள். நான் 'ஆமா, ஆமா' என்று தலையாட்டினேன். அவள் கை கழுவி வருகிறவரை அவளுக்குப் புருஷன் இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய அந்த நிமிஷமே, பத்து வருஷத்துக்கு முந்தைய உன் முகம் எனக்கு நேராக வந்து நின்றது. நாலு பாஷையையும் நீ எப்படிப் பேசி முடித்தாய்? எனக்கு 'ஆமா' என்ற ஒரு சொல்லையே மென்று மென்றுதான் வெளியே தள்ள வேண்டியிருந்தது.

கை கழுவி வந்தாள். சொன்னேன். அவள் அழுவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்து, "என்னைச் சாப்பிட விட்டியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. புருஷன் போனபின் வெளியே வராமல் இத்தாவில் இருப்பவளைத் தினமும் போய்ப் பார்ப்பேன். வேண்டிய சாமான் சொல்லக்கூடப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லித்தான் எனக்குச் சொல்வாள்.

அன்று ஐந்து மணிக்கு நான் வண்டியை எடுத்தேன். வேறு யார் சொல்வது? வாழ்நாளில் மைக்கில் பேசாதவன் நான், அந்த ஆட்டு முணுமுணுப்பைத் தவிர. வியாழக்கிழமை என்பதால் சேட் சீட்டுக் குலுக்கினார். தமிழ் கடைசியில் வந்தது. நீ ஏதாவது செய்தாயா?

நாலு பாஷையில் சொல்லிவிட்டேன். அதெல்லாம் நீ சொல்லிச் சொல்லி என் காதில் ஊறிப்போன வாக்கியங்கள். உன் பெயரை நடுவில் வைத்து அப்படியே ஒப்பித்தேன். தமிழ் வந்தது. தமிழ் நம் வீட்டில் பேசுவதல்லவா? அத்தா திட்டியதும், நீ என்னை மச்சான் என்றதும், ஜுபைதா கஞ்சி தரவேண்டும் என்றதும் அதில்தான். 'கேளுங்க' என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை.

கூட்டம் அப்படியே நின்றது. உனக்குத்தான் தெரியுமே, எல்லோருக்கும் அதற்குள் நாலு தடவை புரிந்துவிட்டது. ஆனாலும் நம் ஆட்கள் நகராமல் நின்றார்கள். ஜெயந்தி சேட்தான் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தமிழிலேயே சொன்னார்: "தமிழ் இன்னிக்கு இல்லே. தமிழ் பின்னே வரும். நிச்சயம் வரும்."

வரவில்லை மாப்ளே. அன்றைக்குப் பிறகு வண்டியை நான் வெளியே எடுக்கவே இல்லை. பேட்டரி சார்ஜ் இறங்கிக் கிடந்தது. ஐந்து மணிக்கு ஜெட்டி முக்கில் இன்னும் சிலர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறார்களாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

நேற்று எல்லோரும் போனபிறகு அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஜுபைதாவின் குரல் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை, என்னைத்தான்.

"அண்ணே. நீயும் அவரு செஞ்சதத்தான் செஞ்சே. அது போட்டும். ஆனா அவரு மறுநாளே போய் நம்ம பாஷையில சொன்னாரு. நாப்பது நாளாச்சு, நீ இன்னும் சொல்லலியே."

நான் அண்டாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள், "ஜன்னலுக்குக் கேக்கற மாதிரி சொல்லு" என்றாள். பிறகு இஸ்திரிப் பெட்டி எங்கே என்று தேடிக்கொண்டு உள்ளே போனாள். இன்று காலை போனபோது, அண்டா கழுவக் கழற்றி வைத்து அங்கேயே மறந்த என் வெள்ளைச் சட்டை மடித்து வைத்திருந்தது, ஒரு சுருக்கம் இல்லாமல்.

பத்து வருஷம் நீ கேட்காமல் இருந்ததற்கு இப்போது பதில் சொல்கிறேன். அந்தக் கால் மணி நேரம் நீ எனக்குக் கொடுத்தது. நான் அதை நீ என்னிடமிருந்து எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ உயிரோடு இருக்கும்போது இதைச் சொல்லாதது என் தப்பு. தெத்துதான் மாப்ளே.

இன்று செவ்வாய். பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டேன். புனலைத் துடைத்துவிட்டேன். நாளைக்குப் புதன், நம் முறை. ஐந்து மணிக்கு வண்டியை ஜெட்டி முக்கில் நிறுத்தமாட்டேன், உன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நிறுத்துவேன். கூட்டம் அங்கே வரட்டும், சேட்டும் வரட்டும். எத்தனை தடவை நடுவில் நின்றுபோனாலும் முடிக்காமல் மைக்கைக் கீழே வைக்கமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். முடித்தபிறகு மற்ற நாலு பாஷையிலும் அன்றைய செய்தி வரும், அதற்கு மறுநாளும் வரும். என்ன சொல்லப்போகிறேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். தப்பிருந்தால் எப்படியாவது திருத்து.

'கேளுங்க. கேட்டுட்டு வீட்டுல போய்ச் சொல்லுங்க. விட்டுப்போன செய்தி ஒண்ணு. நம்ம வார்த்தை சுலைமான், ஜுபைதாவோட மாப்பிள்ளை, என்னோட கூட்டாளி, நாப்பத்தோரு நாளைக்கு முந்தி வியாழக்கிழமை மத்தியானம் மவுத்தாயிட்டாரு. வீட்டுக்குச் சொல்லியாச்சு.'

இப்படிக்கு,
சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே தெரிந்த உன் மச்சான்,
ஹனீபா